நாய்க்குட்டி வாங்குமுன் அதன் தாயைப் பாருங்கள்: சிங்கப்பூரில் நல்ல ப்ரீடரைக் கண்டுபிடிக்கும் வழி

நாய்க்குட்டி வாங்கக் கிளம்பும் நம் ஆட்களில் பலர் முதலில் கேட்பது இரண்டே கேள்விதான். என்ன விலை? எப்போது கிடைக்கும்? இந்த இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு மூன்றாவதாக ஒன்றைக் கேளுங்கள்: இந்தக் குட்டியின் தாய் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது? விற்பவர் நேராகப் பதில் சொல்லி, தாயைக் காட்டவும் தயாராக இருந்தால் மேற்கொண்டு பேசலாம். மழுப்பினால், குட்டி உங்கள் மடியில் ஏறித் தூங்கிவிட்டாலும் சரி, அதை இறக்கி விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஏன் தாய்மீது இவ்வளவு அழுத்தம் என்று தோன்றலாம். குட்டியின் மரபணுக்களில் பாதி தாய் வழியாக வருகிறது, பரம்பரை நோய்களும் மரபணுக்களோடுதான் வருகின்றன. முதல் சில வாரங்களுக்கான நோய் எதிர்ப்பு சக்தி அதன் சீம்பாலில் இருந்துதான் கிடைக்கிறது. மனிதரைக் கண்டால் வாலாட்டுவதா, மூலையில் ஒடுங்குவதா என்பதையும் குட்டி முதல் எட்டு வாரங்களில் தாயைப் பார்த்தே பெருமளவு கற்றுக்கொள்கிறது. கூண்டைவிட்டு வெளியே வராமல், வருடம் தவறாமல் குட்டி போட்டுக் களைத்துப்போன தாய்க்குப் பிறந்த குட்டி, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சு உருண்டை மாதிரி அழகாகத்தான் இருக்கும். அந்த அழகை வைத்து உங்களால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் கீழே உள்ள படிகள் எல்லாமே சுற்றிச் சுற்றித் தாயிடமே போகின்றன.

படி 1: உங்கள் வீட்டில் எந்த நாய் இருக்கலாம் என்று முதலில் தீர்மானியுங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான் வைத்துக்கொள்ளலாம், அதுவும் அனுமதிக்கப்பட்ட 62 சிறிய இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். பூடில், ஷிட்சூ, மால்டீஸ், பொமரேனியன், மினியேச்சர் ஷ்னௌசர், பக், கவாலியர் எல்லாம் பட்டியலில் உண்டு. கோர்கி, ஷிபா இனு, பீகிள், ஃபிரெஞ்ச் புல்டாக், கோல்டன் ரிட்ரீவர் கிடையாது. விதியை மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம், நாயையும் வீட்டில் வைத்திருக்க முடியாது. "கோர்கி சின்ன நாய்தானே, யாரும் கேட்க மாட்டார்கள்" என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் அவரைப் பற்றித் தெரிய வேண்டியது அப்போதே தெரிந்துவிட்டது, மேலே பேச வேண்டாம். தனியார் வீடுகளில் நாயும் பூனையும் சேர்த்து மூன்று வரை வைக்கலாம், ஆனால் கொண்டோ எனப்படும் தனியார் அடுக்குமாடியில் நிர்வாகக் குழுவின் தனி விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்து ராஜபாளையமோ சிப்பிப்பாறையோ கொண்டுவர முடியுமா என்ற ஆசை நம் குடும்பங்களில் அடிக்கடி எழும். ஆசை புரிகிறது. ஆனால் அவை வீவக பட்டியலில் இல்லை. தரைவீடு இருந்தாலும், சிங்கப்பூர் 1953 முதல் ரேபிஸ் இல்லாத நாடு, இந்தியாவில் அந்த நோய் இன்னும் பரவலாக இருக்கிறது. அதனால் ரேபிஸ் தடுப்பூசி, ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி பரிசோதனை, இறக்குமதி உரிமம், இங்கே வந்ததும் தனிமைப்படுத்தல் என்று வரிசையாகத் தாண்ட வேண்டும். பால்மறந்த குட்டியைக் கூடையில் வைத்து விமானத்தில் தூக்கி வருவது நடக்காத காரியம்.

இதோடு வீட்டில் இருப்பவர்களையும் உட்கார வைத்துப் பேசுங்கள். பகல் முழுக்கக் குட்டியோடு இருக்கப்போவது தாத்தா பாட்டியா, பணிப்பெண்ணா? அவர்களுக்குச் சம்மதமா? டிசம்பர் விடுமுறையில் எல்லாரும் ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? நல்ல ப்ரீடர், அதாவது நாய்களை இனப்பெருக்கம் செய்து குட்டிகளை விற்பவர், இதையெல்லாம் உங்களிடம் கேட்பார், பதில் கையில் இருக்கட்டும்.

படி 2: சிங்கப்பூரில் குட்டிகள் எங்கிருந்து வருகின்றன

இங்கே குட்டி கிடைக்கும் வழிகள் சிலதான். உள்ளூரில் உரிமம் பெற்ற பண்ணைகள் இருக்கின்றன. சுங்கை தெங்கா பலருக்குத் தெரிந்த இடம். அடுத்தது செல்லப்பிராணிக் கடைகள். கடைக்காரர் பெரும்பாலும் இனப்பெருக்கம் செய்பவர் அல்ல, வாங்கி விற்பவர். மூன்றாவது, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இருக்கும் ப்ரீடரிடம் இருந்து நேரடியாகவோ முகவர் மூலமோ இறக்குமதி செய்வது. நான்காவது, "வீட்டில் எங்கள் நாய் குட்டி போட்டது" என்று டெலிகிராம் குழுக்களிலும் வாங்கல் விற்றல் செயலிகளிலும் வரும் விளம்பரங்கள்.

நான்காவது வழியில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் எண்ணம், ஏனென்றால் அது குடும்பப் பாங்காகத் தெரிகிறது, விலையும் குறைவு. ஆனால் உரிமம் இல்லாமல் விலங்குகளை விற்பது குற்றம். மேலும், வீவக வீட்டில் ஒரு நாய்க்குத்தான் இடம் என்றிருக்கும்போது அங்கே மாதாமாதம் வெவ்வேறு இனக் குட்டிகள் விற்பனைக்கு எப்படி வருகின்றன? பல சமயம் அவை அந்த வீட்டில் பிறந்தவையே அல்ல, எல்லை தாண்டி வந்தவை.

கடத்தல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளில் காரின் உதிரிச் சக்கரக் குழியிலும் இருக்கைக்கு அடியிலும் பைகளுக்குள்ளும் குட்டிகளை மறைத்துக் கொண்டுவந்து பிடிபடுவது அடிக்கடி செய்தியாகிறது. சத்தம் போடாமல் இருக்க மயக்க மருந்து கொடுப்பதும் உண்டு. 2022 அக்டோபரில் துவாஸில் ஒரே வாகனத்தில் 26 நாய்க்குட்டிகளும் ஒரு பூனையும் பிடிபட்டன. அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை பிறகு பார்வோ வைரஸ் நோயால் செத்துப்போயின, கொண்டுவந்தவருக்கு ஓராண்டுச் சிறை. உரிமமின்றி இறக்குமதி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். ஆனாலும் மலிவான குட்டிக்கு ஆள் இருக்கும்வரை கடத்தல் நிற்காது. சந்தை விலையில் பாதிக்கு ஒரு டாய் பூடில் கிடைக்கிறதென்றால் மீதிப் பாதியை யார் கொடுத்தார்கள் என்று யோசியுங்கள்: அந்தக் குட்டியும் அதன் தாயும்தான்.

படி 3: உரிமத்தைச் சரிபாருங்கள்

இது ஐந்து நிமிட வேலை. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவு, எல்லாரும் ஏவிஎஸ் என்று சொல்வது, உரிமம் பெற்ற கடைகள், பண்ணைகளின் பட்டியலைத் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அதில் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் பொருந்தினால் போதாது, குட்டியைக் காட்டும் இடமும் அதே முகவரியாக இருக்க வேண்டும்.

2022 ஏப்ரல் 1 முதல் இனப்பெருக்கப் பண்ணைகளுக்கான உரிம நிபந்தனைகள் கடுமையாகிவிட்டன. தாய் நாயின் வயது, நெருங்கிய ரத்த உறவில் சேர்க்காதது, மருத்துவப் பரிசோதனை, பதிவேடு எல்லாவற்றையும் பண்ணை கவனிக்க வேண்டும். எனவே பதிவேட்டைப் பற்றிக் கேட்பது உங்கள் அதிகப்பிரசங்கித்தனம் இல்லை, ஒழுங்கான பண்ணையில் அது தயாராக இருக்கும். அதே சமயம், உரிமம் என்பது குறைந்தபட்ச வாசல் மட்டுமே. அதைத் தாண்டிய எல்லாரும் நல்ல ப்ரீடர் ஆகிவிட மாட்டார்கள்.

படி 4: நீங்கள் விரும்பும் இனத்துக்கு என்ன நோய் வரும் என்று படியுங்கள்

பெரும்பாலானோர் தாண்டிப்போகும் படி இது. எனக்கு இதுதான் முக்கியமான படி.

"குட்டியை மருத்துவர் பார்த்துவிட்டார், நல்ல ஆரோக்கியம்" என்று விற்பவர் சொல்வார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எட்டு வாரக் குட்டியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பது வேறு, அதன் தாய் தந்தைக்குப் பரம்பரை நோய்ப் பரிசோதனை செய்திருப்பது வேறு. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டாவதை. பல நோய்கள் இரண்டு மூன்று வயதுக்கு மேல்தான் தலைகாட்டும், அப்போது குட்டியை வாங்கிய கடையே இருக்குமா என்பது சந்தேகம்.

டாய் பூடில், மினியேச்சர் பூடில் என்றால் பிஆர்ஏ எனப்படும் விழித்திரை நோய்க்கான மரபணுப் பரிசோதனையும் முழங்கால் சில்லு நழுவுகிறதா என்ற பரிசோதனையும். பிஆர்ஏ வந்த நாய் முதலில் இருட்டில் தடுமாறும், பிறகு முழுக்கப் பார்வை போய்விடும், சிகிச்சை இல்லை. பொமரேனியன், சிவாவா, மால்டீஸ் எல்லாவற்றுக்கும் முழங்கால் முக்கியம். மால்டீஸ், யார்க்ஷயர் டெரியருக்குக் கல்லீரல் ரத்தக்குழாய்க் கோளாறும் வரும், பித்த அமிலப் பரிசோதனை செய்ததா என்று கேட்கலாம். கவாலியர் வாங்குவதாக இருந்தால் இதயத்தைப் பற்றிக் கேட்காமல் ஒரு அடிகூட நகராதீர்கள். அந்த இனத்தில் இதய வால்வு நோய் மிகப் பரவலாக இருப்பதால், தாய் தந்தை குறைந்தது இரண்டரை வயதாகி இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் இல்லை என்று உறுதியான பிறகே இனப்பெருக்கம் செய்ய வேண்டும், தாத்தா பாட்டி நாய்களின் இதயமும் ஐந்து வயதில் நன்றாக இருந்திருக்க வேண்டும் என்பது பொறுப்பான ப்ரீடர்கள் பின்பற்றும் முறை. டாக்ஸ்ஹண்டுக்கு முதுகெலும்பு. பக் போன்ற தட்டை மூக்கு இனங்களுக்கு மூச்சு, அதுவும் நம் ஊர் வெக்கையில் இது சாதாரண விஷயம் இல்லை, தாய் நாய் சும்மா நிற்கும்போதே கொர் கொர் என்று இழுத்தால் குட்டியும் அப்படி வர வாய்ப்பு அதிகம். தரைவீட்டில் கோல்டன், லாப்ரடோர் வளர்ப்பவர்கள் இடுப்பு, முழங்கை மூட்டு எக்ஸ்ரே மதிப்பெண்களைக் கேளுங்கள்.

மரபணுப் பரிசோதனை முடிவில் 'கேரியர்' (நோய் மரபணுவைச் சுமந்தாலும் தனக்கு நோய் வராத நாய்) என்று ஒரு சொல் வந்தால் பயந்து ஓட வேண்டியதில்லை. பிஆர்ஏ போன்ற நோய்களில் ஒரு பக்கம் கேரியர், மறுபக்கம் சுத்தம் என்றால் எந்தக் குட்டிக்கும் அந்த நோய் வராது. இரண்டு பக்கமும் கேரியராக இருந்தால்தான் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதை உங்களுக்குப் பொறுமையாக விளக்கும் ப்ரீடர் தொழில் தெரிந்தவர். "எங்கள் நாய்களுக்கு எந்த நோயும் வராது, பரிசோதனை தேவையில்லை" என்பவர் பரிசோதனை செய்யாதவர், அவ்வளவுதான்.

கவாபூ மாதிரி கலப்பினங்களுக்கும் இதே விதிதான். இரண்டு இனங்கள் சேர்ந்தால் நோய் தானாக மறைந்துவிடாது, கவாலியர் பக்கத்தின் இதயத்தையும் பூடில் பக்கத்தின் கண்ணையும் முழங்காலையும் கேட்டே ஆக வேண்டும்.

'டீகப்' என்று போட்டிருந்தால் தவிர்த்துவிடுங்கள். அப்படி ஓர் அதிகாரபூர்வ அளவே கிடையாது. ஈற்றில் மிகச் சிறியதாகப் பிறந்தவற்றை மேலும் மேலும் சேர்த்து உருவாக்குவது அது, ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி வலிப்பு வருவது, மண்டை ஓட்டின் உச்சிக்குழி மூடாமல் இருப்பது, சோபாவில் இருந்து குதித்தாலே எலும்பு முறிவது என்று அந்த உயிர் படும் பாடு கொஞ்சமல்ல. 'அபூர்வ நிறம்' என்று கூடுதல் விலை சொன்னாலும் இதே எச்சரிக்கை. புள்ளி புள்ளியான மெர்ல் நிறத்தில் இரண்டு மெர்ல் நாய்களைச் சேர்த்தால் காது கேளாத, கண் தெரியாத குட்டிகள் பிறக்கலாம்.

படி 5: முதல் தகவலை எப்படி அனுப்புவது

"பூடில் இருக்கா, விலை என்ன" என்று அனுப்பினால் நல்ல ப்ரீடர்கள் பலர் பதிலே போட மாட்டார்கள், அவர்களுக்கும் தங்கள் குட்டி யார் வீட்டுக்குப் போகிறது என்ற கவலை உண்டு. முதலில் உங்களைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள்: எப்படிப்பட்ட வீடு, யார் யார் இருக்கிறார்கள், பகலில் யார் பார்ப்பார்கள், முன்பு நாய் வளர்த்திருக்கிறீர்களா. அப்புறம் கேளுங்கள்: தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈற்று, போன ஈற்று எப்போது, தாய் தந்தையின் பரிசோதனை அறிக்கைகளைப் பார்க்கலாமா, தாயை நேரில் பார்க்க எப்போது வரலாம், ஓய்வுபெற்ற தாய் நாய்களை என்ன செய்கிறீர்கள்.

கடைசிக் கேள்வி நிறைய விஷயத்தை வெளியே கொண்டுவரும். "இந்தப் பெண்ணுக்கு இதுதான் கடைசி ஈற்று, கருத்தடை செய்து என் அக்கா வீட்டுக்குப் போகிறது" என்று சொல்கிறவருக்கும், கேள்வியே புரியாத மாதிரி "இப்போது என்ன குட்டி வேண்டும் சொல்லுங்கள்" என்கிறவருக்கும் உள்ள வித்தியாசம் தொலைபேசியிலேயே தெரிந்துவிடும்.

இப்போது குட்டி இல்லை, ஆறு மாதம் காத்திருங்கள் என்று சொன்னால் அது நல்ல அறிகுறி. எந்த இனம் கேட்டாலும், எந்த நிறம் கேட்டாலும், நாளைக்கே தயார் என்பது கெட்ட அறிகுறி.

படி 6: நேரில் போகும்போது

ஒரே நாளில் இரண்டு பண்ணைகளுக்குப் போகாதீர்கள். பார்வோ வைரஸ் செருப்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு நீங்களே நோயைத் தூக்கிப் போனதாக ஆகிவிடும். உள்ளே விடுமுன் செருப்பை மாற்றச் சொல்கிறார், கையைக் கழுவச் சொல்கிறார், தடுப்பூசி முடியாத குட்டிகளைத் தொடாமல் பாருங்கள் என்கிறார் என்றால் கோபப்படாதீர்கள், அவர் சரியாகத்தான் செய்கிறார். ஆனால் தூய்மையைக் காரணம் காட்டித் தாயைக் கண்ணாடி வழியாகக்கூடக் காட்ட மறுப்பது வேறு கதை.

தாய் உண்மையிலேயே தாய்தானா என்று பாருங்கள். குட்டிகளுக்கு ஆறு, எட்டு வாரம் என்றால் தாயின் மடிக்காம்புகள் பெரிதாக, தளர்ந்து தொங்கும். வயிறு இறுகி, காம்புகள் சிறியதாக இருக்கும் ஒரு நாயைக் கொண்டுவந்து இதுதான் தாய் என்றால் நம்பாதீர்கள். குட்டி போட்ட தாய்க்கு முடி கொட்டி, உடம்பு கொஞ்சம் இளைத்திருப்பது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது அதன் நடவடிக்கையை. ப்ரீடர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறதா? அவர் கையை நீட்டினால் ஒதுங்குகிறதா, முகர்ந்து நக்குகிறதா? உங்களைக் கண்டு சில நிமிடம் குரைப்பது பரவாயில்லை, தன் குட்டிகளைக் காக்கிறது. அரை மணி நேரத்துக்குப் பிறகும் நடுங்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றால், அந்த பயம் குட்டிகளிடமும் இருக்கும்.

அப்புறம் தரையைப் பாருங்கள். நாய் நாள் முழுக்க நிற்பது கம்பி வலைமேலா, தட்டையான தரையிலா? கம்பி வலையில் நிற்கும் நாயின் பாதம் விரிந்து புண்ணாகியிருக்கும், தூக்கிப் பாருங்கள். நாய் வாசனை இருக்கும், அது இயல்பு. ஆனால் மூத்திர நெடி கண்ணை எரிக்கக் கூடாது. ஒரே ஈற்றுக் குட்டிகள் எல்லாம் சேர்ந்து இருக்கின்றனவா, உங்களுக்குக் காட்ட ஒன்றை மட்டும் தனியே குளிப்பாட்டிக் கொண்டுவந்தார்களா? சேர்ந்து பார்த்தால்தான் எது துறுதுறு, எது அமைதி, எது சோர்ந்து கிடக்கிறது என்று தெரியும். பாவம் என்று சோர்ந்து கிடப்பதைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். அந்த இரக்கம் நல்லதுதான், ஆனால் அதற்கு முதலில் தேவை மருத்துவர், அதை ப்ரீடரிடம் சொல்லுங்கள்.

பல்லையும் பாருங்கள். பால் பற்கள் மூன்றில் இருந்து ஆறு வாரத்துக்குள் முளைத்துவிடும். எட்டு வாரம் என்று சொல்லும் குட்டியின் வாயில் பற்கள் அரைகுறையாக இருந்தால் வயதைப் பொய் சொல்லியிருக்கலாம், தாயிடம் இருந்து சீக்கிரமே பிரித்திருக்கலாம்.

ஒரு நல்ல ப்ரீடர் அன்றைக்கே குட்டியைக் கையில் கொடுத்து அனுப்ப மாட்டார். உங்களைக் கேள்வி கேட்பார், வீட்டில் எல்லாரும் வந்து பார்க்கச் சொல்வார், சில சமயம் "உங்கள் வீட்டுக்கு இந்த இனம் சரிவராது" என்றுகூடச் சொல்வார். அப்படிச் சொன்னவரின் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: தாய் வெளிநாட்டில் இருந்தால்

இங்கே விற்கப்படும் குட்டிகளில் நிறைய வெளிநாட்டில் இருந்து வருபவை என்பதால், "தாய் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, எப்படிக் காட்டுவது" என்ற பதில் உங்களுக்கு நிச்சயம் வரும். வீடியோ அழைப்பு எதற்கு இருக்கிறது? பதிவு செய்த காணொளி வேண்டாம், நேரலையில் அழைக்கச் சொல்லுங்கள். தாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்கள், கேமராவை மெதுவாகச் சுற்றி அது தூங்கும் இடம், குட்டிகள் விளையாடும் இடம், மற்ற நாய்கள் இருக்கும் இடம் எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். வேலையை மதிக்கும் ப்ரீடர் இதற்குச் சந்தோஷமாகவே சம்மதிப்பார், நிறுத்தவே முடியாத அளவுக்குத் தன் நாய்களைப் பற்றிப் பேசுவார்.

முகவர் நடுவில் இருந்தால் முதல் நிபந்தனை, ப்ரீடரின் பெயரும் தொடர்பும் உங்களுக்குத் தெரிய வேண்டும். "அது எங்கள் வியாபார ரகசியம்" என்றால் நன்றி சொல்லி விலகுங்கள். பெயர் கிடைத்ததும் நாய்களின் வம்சாவளியைப் பதிவு செய்யும் அந்த நாட்டு கென்னல் அமைப்பில் அவர் உறுப்பினரா என்று பாருங்கள், ஆஸ்திரேலியாவுக்கு அது டாக்ஸ் ஆஸ்திரேலியாவின் மாநில அமைப்புகள். விக்டோரியா மாநிலத்தில் நாய் விற்பனை விளம்பரத்தில் மைக்ரோசிப் எண்ணும் விற்பவரின் மூல எண்ணும் இருக்க வேண்டும் என்பது சட்டம், அந்த எண்ணைக் கேட்டு மாநில அரசின் பதிவேட்டில் நீங்களே தேடலாம். தாய் தந்தையின் பதிவுப் பெயரைக் கேட்டு வாங்கி, ஓஎஃப்ஏ என்ற அமெரிக்க அமைப்பின் திறந்த தரவுத்தளத்தில் தட்டிப் பார்த்தால், பரிசோதனை அங்கே பதிவாகியிருந்தால் முடிவு உடனே தெரியும். ஆஸ்திரேலியக் குட்டிகள் பலவும் 'லிமிடெட்' பதிவேட்டில் வரும், அதன் பொருள் அந்த நாயின் குட்டிகளைப் பதிவு செய்ய முடியாது என்பது. வீட்டுச் செல்லமாக வளர்க்க அதுவே போதும், குறை இல்லை.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் போன்ற நாடுகளில் இருந்து வரும் நாய்களுக்கு இங்கே தனிமைப்படுத்தல் இல்லை. மற்ற பல நாடுகளுக்கு உண்டு, தடுப்பூசியும் காத்திருப்பும் சேர்ந்தால் மாதங்கள் ஆகும். ரேபிஸ் உள்ள ஒரு நாட்டில் இருந்து எட்டு வாரக் குட்டி முறையாக இங்கே வந்து இறங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் கணக்கு உதைக்கிறது, இறக்குமதி உரிமத்தைக் கேளுங்கள்.

படி 8: தாள்கள்

பெட்டிக்ரீ சான்றிதழைப் பெரிய விஷயமாகக் காட்டுவார்கள். அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி: யாருக்குப் பிறந்தது என்று சொல்லும், உடம்பு எப்படி என்று சொல்லாது. ஆனாலும் வாங்கிக்கொள்ளுங்கள், அதில்தான் தாய் தந்தையின் பதிவுப் பெயர் இருக்கும்.

மைக்ரோசிப்பை உங்கள் முன்னாலேயே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். திரையில் வரும் 15 இலக்க எண், தடுப்பூசி அட்டை, இறக்குமதித் தாள், உரிமம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டையில் மருந்துக் குப்பியின் ஒட்டுவில்லை, தேதி, மருத்துவரின் கையெழுத்து, மருத்துவமனையின் பெயர் உண்டா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் அந்த மருத்துவமனைக்கு ஒரு அழைப்பு போடுங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட எல்லா நாய்களுக்கும் ஏவிஎஸ் உரிமம் கட்டாயம். முதல்முறை உரிமம் எடுப்பவர்கள் இணையத்தில் இலவசமாக உள்ள செல்லப்பிராணி வளர்ப்புப் பாடத்தை முடிக்க வேண்டும், குட்டி வருவதற்கு முன்பே முடித்து வையுங்கள்.

ஒப்பந்தத்தில் நான் தேடுவது மூன்று. பரம்பரை நோய் பின்னால் தெரியவந்தால் என்ன செய்வார்கள், எத்தனை காலத்துக்கு. முதல் சில நாட்களில் தொற்றுநோய் வந்தால் சிகிச்சைச் செலவு யாருடையது. உங்களால் எப்போதாவது வளர்க்க முடியாமல் போனால் நாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா. "குட்டி இறந்தால் வேறு குட்டி தருவோம்" என்று மட்டும் எழுதியிருக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஓர் உயிரோடு நீங்கள் உறவாகிப்போன பிறகு மாற்றுக் குட்டியை வைத்து என்ன செய்வது? பேசி வைத்தது, வாட்ஸ்அப்பில் சொன்னது எல்லாவற்றையும் பாதுகாத்து வையுங்கள். தகராறு வந்தால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் பதிவு செய்யலாம், வழக்கறிஞர் வேண்டாம், ஆனால் ஆதாரம் வேண்டும்.

படி 9: பணம்

தாயைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். "இன்னொருவர் கேட்கிறார், இன்றைக்கே பேநவ்வில் பணம் அனுப்பினால் உங்களுக்கு" என்ற அவசரம் வந்தாலே நிறுத்துங்கள். வெளிநாட்டுக் குட்டி என்று சொல்லி முதலில் முன்பணம், பிறகு விமானக் கூண்டுக்கு, பிறகு காப்பீட்டுக்கு, பிறகு தனிமைப்படுத்தலுக்கு என்று ஒவ்வொன்றாகக் கறக்கும் மோசடியில் குட்டியே இருக்காது, எங்கோ எடுத்த படம்தான் இருக்கும். சந்தேகம் என்றால் 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழைத்துக் கேளுங்கள். பணத்தை உரிமத்தில் உள்ள அதே நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள், தனி நபர் கணக்குக்கு வேண்டாம்.

நல்ல ப்ரீடர் கிடைக்கவில்லை என்றால்

காத்திருங்கள், அல்லது தத்தெடுங்கள். 2012இல் தொடங்கிய அடோர் திட்டத்தின் மூலம், தோள்வரை 55 சென்டிமீட்டருக்குள் இருக்கும் உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீட்டிலும் வளர்க்கலாம், எஸ்பிசிஏ, எஸ்ஓஎஸ்டி போன்ற விலங்குநல அமைப்புகள் வழியாக. இனப்பெருக்கத்தில் இருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட தாய் நாய்களுக்கும் வீடு தேடுகிறார்கள். ஐந்து, ஆறு வயதில், புல்லையே மிதித்திராத ஒரு மால்டீஸ் உங்கள் வீட்டில் மெதுவாக வாலாட்டப் பழகுவதைப் பார்ப்பது பெரிய விஷயம். குட்டியே வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாத குடும்பங்கள் இதைத் தயவுசெய்து யோசியுங்கள்.

படி 10: வீட்டுக்கு வந்த பிறகு

இரண்டு மூன்று நாட்களுக்குள் நீங்களே தேர்ந்தெடுத்த கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், விற்றவர் சொன்ன மருத்துவரிடம் அல்ல. வாந்தி, ரத்தம் கலந்த பேதி, சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது இவற்றில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் அப்போதே ஓடுங்கள், பார்வோ ஒரு குட்டியை ஓரிரு நாளில் கொண்டுபோய்விடும். அறிக்கை, ரசீது எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு விற்றவருக்கு உடனே தெரிவியுங்கள், கடத்தல் என்றோ உரிமமில்லா விற்பனை என்றோ சந்தேகம் இருந்தால் ஏவிஎஸ்ஸிடம் புகார் கொடுங்கள். உங்கள் குட்டிக்கு அது பயன்படாமல் போகலாம், ஆனால் அதே இடத்தில் இருக்கும் மற்றவற்றுக்குப் பயன்படும்.

தடுப்பூசிகளைப் பதினாறு வாரம்வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் முடியுங்கள். கருத்தடை எப்போது என்று அவரிடமே கேளுங்கள். கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாததற்கு 90. ப்ரீடரோடு தொடர்பை விடாதீர்கள். ஒரு வயதுக்குப் பிறகு முழங்கால், கண் பரிசோதனை செய்தால் முடிவு நல்லதோ கெட்டதோ அவருக்கு அனுப்பி வையுங்கள், அதே ஜோடியை இன்னொரு முறை சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தத் தகவல் அவருக்குத் தேவைப்படும்.